பதினொரு கடிகாரங்களும் கதவோரத்து ஐயாவும்

மார்ச் 3, ஞாயிறு

பதினொன்றுக்கும் சாவி கொடுத்தாயிற்று. ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் முடியப் பத்தரை ஆகிறது. ஆளுயரக் கடிகாரம் இரண்டு. மேலே கைப்பிடி வைத்த மேசைக் கடிகாரம் ஒன்பது. “பிராக்கெட் கிளாக்னு சொல்லுங்க மாப்பிள்ளை, மேசைக் கடிகாரம்னா ஏதோ அலாரம் மாதிரி இருக்கு” என்பார் மாமனார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ஓட்டை இருக்கிறது, சாவியை விட்டுத் திருக வேண்டும்.

ஒரு முறை திருகினால் எட்டு நாள் ஓடும். ஆகவே ஞாயிறுதோறும். இந்த வீட்டுக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் தொடர்ந்து எட்டு நாள் நான் வெளியில் தங்கியதில்லை. அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஏற்கெனவே வீட்டோட மாப்பிள்ளை என்றால் ஆளாளுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்கள்.

கல்யாணமான மூன்றாவது வாரம் “கை வலிக்குது மாப்பிள்ளை” என்று சாவிக்கொத்தை நீட்டினார். மனிதர் பல் டாக்டர். அன்று சாயங்காலம் அதே கையால் ஒருவருக்கு இரண்டு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். நானும் கேட்கவில்லை. புது மாப்பிள்ளை, என்னத்தைக் கேட்பது?

கால் மணிக்கொரு தரம் அடிக்கிற ஒன்றுக்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். கூடத்தில் நிற்கும் எட்டடி ஆசாமிக்குப் ‘பெரியவர்’. அவர் முன்னால் நின்று சாவியைத் திருகி எடைக்குண்டுகளை மேலே ஏற்றும்போது மட்டும் என்னவோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். என் வீட்டில் நான் இப்படி நிற்பேனா? என் வீடு எது, அதைச் சொல்.

மார்ச் 5, செவ்வாய்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஓர் அம்மாவை வெளியே எடுத்தோம். வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். “இருபது நிமிஷமா உள்ள கிடக்கேன், ஆடி அசைஞ்சு வர்றீங்களே!” இருபது நிமிடம். அம்மா, என் கதையைக் கேட்டால் நீங்களே மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள்.

மத்தியானம் பழைய மேலாளர் போன் செய்தார். எங்கள் கம்பெனியை விட்டுப் போனவர் வேறு ஊரில் புதிதாக லிஃப்ட் கம்பெனி தொடங்கியிருக்கிறார். பராமரிப்புப் பிரிவு முழுவதையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குடியிருக்க வீடும் தருகிறார்கள். “உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லைய்யா. ஏப்ரல் முப்பதுக்குள்ள சொல்லு, அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது.”

ரயிலில் ஒன்பது மணி நேரம். ஒன்பது மணி நேரத் தூரத்தில் எனக்கு ஒரு வீடு! போனை வைத்துவிட்டு, ஒரு காரணமும் இல்லாமல் லிஃப்டில் இரண்டு தடவை மேலும் கீழும் போய் வந்தேன். சந்தோஷத்தில்தான்.

மார்ச் 7, வியாழன்

இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து இன்று சாப்பிடும்போது போட்டு உடைத்தேன். “வேற ஊருக்குப் போறோம்” என்றேன். விவரமும் சொன்னேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்து “அப்பா?” என்றாள். அவ்வளவுதான்.

“எனக்கென்னம்மா, ஒரு கட்டில் போட்டா எங்கேயும் படுத்துப்பேன்” என்றார் அவர். அப்பாடா என்று தண்ணீரைக் குடித்தேன். அடுத்து கூடத்துப் பக்கம் தலையை ஆட்டினார். “இவங்களை என்ன பண்றது?”

இவங்க! பெற்ற பிள்ளைகளைப் போல. கம்பெனி வீட்டில் பெரியவர் நுழையவே முடியாது, கூரை தாழ்வு. சரி, முடிந்தது கதை, இந்த வீட்டிலேயே நான் கிழவனாகி இந்தச் சாவிக்கொத்தோடு சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: “வித்துடலாம் மாப்பிள்ளை.”

எனக்குப் புரையேறியது. மனைவி “அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள். “வயசாச்சு” என்றார்.

சாப்பிட்டு முடித்து அவள் பாத்திரம் கழுவிய சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 8

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் போலிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

மார்ச் 14, வியாழன்

ஏலக்கூடத்திலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். கண்ணில் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். வாயாடியை நான் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் போனேன். “ஐயையோ, அதைப் பிடிச்சுத் தூக்காதீங்க சார்! அது சும்மா அழகுக்கு. அடியில கை குடுங்க” என்று பதறினார். பத்தொன்பது வருடமாக அதைப் பிடித்துத்தான் தூக்கித் துடைத்திருக்கிறேன். சொல்லவில்லை.

பெரியவரின் அடிப்பகுதி மட்டும் பிற்காலத்தில் மாற்றியதாம். விலை கொஞ்சம் இறங்கும் என்றார். மாமனார் முகம் சுண்டிப்போகும் என்று பார்த்தேன். “பல்லு கட்டியிருக்குன்னு வச்சுக்குங்களேன்” என்றார்.

கடிகாரங்களை ஐந்து வருடத்துக்கு முன்பே மகள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டார் என்பதால் படிவத்தில் மனைவிதான் கையெழுத்துப் போட்டாள். மதிப்பீட்டாளர் விளக்கினார்: “ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரிசர்வ் போடணும் மேடம். அந்த விலைக்குக் கீழ கேட்டா குடுக்கமாட்டோம். உங்களுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். ஏலத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மாத்திக்கலாம்.” நான் அவள் காதோரம் “அடிமட்டமா போடு, போய்த் தொலையட்டும்” என்றேன். தலையாட்டினாள்.

கிளம்பும் முன் மதிப்பீட்டாளரை மாமனார் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரம். கதவு சாத்தியிருந்தது. அப்படி என்ன ரகசியம்?

மார்ச் 21, வியாழன்

நாலு பேர் வந்து எடுத்துப் போனார்கள். ஆளுயரக் கடிகாரத்தை அப்படியே தூக்கக் கூடாதாம். முதலில் எடைக்குண்டுகள், அப்புறம் பெண்டுலம், அப்புறம் தலைப்பெட்டியை முன்னால் இழுத்துக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு குண்டிலும் ‘இடது’, ‘வலது’ என்று சீட்டு ஒட்டினார்கள். பெரியவர் ஆறு துண்டாகிப் போர்வைக்குள் போனார்.

மாமனார் பால்கனியில் பேப்பர் படித்தார். ஒரு தடவைகூட எழுந்து வந்து பார்க்கவில்லை. மனைவி வாசலில் நின்றாள். வண்டி திரும்பும் வரை நின்றாள். நான் கை தட்டாத குறை.

மார்ச் 24, ஞாயிறு

ஒன்பதரைக்கு எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன். காபி குடித்தேன். மறுபடி எழுந்தேன்.

“என்ன தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணும் தேடலை.”

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா? புது ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன் என்று யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை. போனால் தோன்றும்.

மார்ச் 29, வெள்ளி

மேலாளர் கேட்டார், “என்னய்யா, சரின்னு வச்சுக்கவா?” ஏலம் முடியட்டும் சார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடிகாரத்துக்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்றார். வீட்டோட மாப்பிள்ளையாக இருந்து பாருங்கள், தெரியும்.

ஏப்ரல் 5, வெள்ளி

நாளை ஏலம். இன்று பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள், வேலை முடிந்து போனேன். நம் வீட்டுக் கடிகாரங்கள் கழுத்தில் எண் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, அறுபத்தொன்று முதல் எழுபத்தொன்று வரை. ஒருவர் பெரியவரின் கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். இன்னொருவர் வாயாடியின் முதுகை மோந்து பார்த்தார், சத்தியமாக. எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6, சனி

நானும் அவளும் போனோம். மாமனார் வரவில்லை.

எங்களுக்கு மூன்றாவது வரிசை. ஏலம் விட்டவர் ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கூரையில் முட்டியது. அறுபத்தொன்று வந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார். உடனே ஏலக்காரர் எங்கள் தலைக்கு மேலே பார்த்து, “கதவோரம் ஐயா, நன்றி!” என்றார். அம்மா ஏற்றினார். “மறுபடி கதவோரம் ஐயா!” விலை எகிறியது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கதவோரத்து ஐயா, நீங்கள் நல்லா இருக்கணும் என்று உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டேன். மனைவி கையை அழுத்தினேன். அவள் கை ஜில்லென்று இருந்தது.

அம்மா நிறுத்திக்கொண்டார். சுத்தியல் விழுந்தது. ஐயாவுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். அறுபத்திரண்டு. அதுவும் ஐயா. அறுபத்து மூன்று, அதுவும். ஆள் பெரிய பணக்காரன் போலிருக்கிறதே, முகத்தையாவது பார்ப்போம் என்று அறுபத்து நாலில் திரும்பினேன்.

கதவோரத்தில் யாரும் இல்லை.

நெருப்பு அணைக்கிற சிவப்பு சிலிண்டர் ஒன்று சுவரில் தொங்கியது. அதுதான் இவ்வளவு நேரம் ஏலம் கேட்டிருக்கிறது.

கணக்கெழுதும் மேசையில் இருந்த பெண்ணிடம் போய்க் கேட்டேன். “அது வழக்கம்தான் சார். ரிசர்வ் வர்ற வரைக்கும் ஆள் இருக்கிற மாதிரி அவரே ஏத்துவார். அதைத் தாண்டி நிஜமா ஒருத்தர் கேட்டாதான் வித்ததா அர்த்தம்.”

“அப்ப இதுவரைக்கும் போனது?”

“ஒண்ணும் போகலை சார்.”

“ரிசர்வ் அடிமட்டமாத்தானே போட்டோம்?”

கோப்பைப் பார்த்தாள். “அப்படித் தெரியலையே சார்” என்று மூடி வைத்தாள்.

பதினொன்றும் போகவில்லை. பத்து நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கடைசியாகப் பெரியவருக்குச் சுத்தியல் விழுந்தபோது எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு நொடி — வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கிழவர் செய்த வேலை இது. வேறு யார்?

ஏப்ரல் 7, ஞாயிறு

பிடித்துக்கொண்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் குரலை உயர்த்தினேன்.

“போகப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே மாமா! சரி சரின்னு தலையாட்டிட்டுப் பின்னாடி விலையை ஏத்தினா என்ன அர்த்தம்? நான் என்ன இந்த வீட்டுக்கு நேர்ந்துவிட்ட ஆளா? அந்த ஏலக்கூடத்து ஆளோட அரை மணி நேரம் என்ன பேசினீங்க?”

பேப்பரை மடித்து வைத்தார். “ஒண்ணும் பேசலை மாப்பிள்ளை. அவருக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கிற ஆளோட என்னத்தைப் பேசறது?”

எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அடக்கினேன்.

“அது போகட்டும். ரிசர்வை நான் எப்படி ஏத்துவேன்? காகிதம் என் பேர்லயா இருக்கு?”

புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. திரும்பினேன். மனைவி அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்றாள்.

“நான்தான் ஏத்தினேன்” என்றாள். “செவ்வாய்க்கிழமை போன் பண்ணி, பதினொண்ணுக்கும்.”

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். மறந்துவிட்டு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன், என்னைத் தெரியும்.

“எனக்கு இங்கிருந்து போகப் பிடிக்கலை. நீங்க என்னை வர்றியான்னு கேக்கவேயில்லை. ‘போறோம்’னீங்க. வேண்டாம்னு சொன்னா நீங்க நின்னுடுவீங்க. நின்னுட்டு, சாகுற வரைக்கும் இவளாலதான் நின்னேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பீங்க. அந்தப் பழி எனக்கு வேண்டாம். கடிகாரத்தாலன்னே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்.”

கோபமாக இருக்கிறது. பத்தொன்பது வருடம் கிழவரைத் திட்டியதெல்லாம் வீண் என்று இன்னும் கோபமாக இருக்கிறது. அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை என்பதில்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஏப்ரல் 11

பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மாமனார் வழியாக.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஏலக்கூடத்திலிருந்து போன். எடுத்தது நான். பழம்பொருள் வியாபாரி ஒருவர் பதினொன்றையும் மொத்தமாகக் கேட்கிறாராம், ரிசர்வுக்கு ரொம்பக் கீழே. “ஏலம் முடிஞ்சும் இப்படிக் கேட்பாங்க சார். மேடம் சரின்னா முடிச்சுடலாம்.”

போனை அவளிடம் நீட்டினேன். கேட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே “குடுத்துடுங்க” என்றாள். போனை வைத்துவிட்டு, “போச்சு. இனிமே நீங்க காரணம் சொல்ல ஒண்ணும் மிச்சமில்லை” என்றாள்.

எனக்கு இப்போது குதிக்கத் தோன்ற வேண்டாமா?

ஏப்ரல் 19, வெள்ளி

இன்னொரு அடி. மாமனார் தன் தங்கை ஊருக்குக் கிளம்புகிறாராம். போய் அங்கேயே இருக்கப் போகிறாராம். அந்தத் தங்கை பத்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். எங்களுக்குத் தெரியவே தெரியாது.

“அப்ப ஏன் மாமா போகலை?”

“எப்படிப் போறது? நான் கிளம்பினா இந்தக் கடிகாரங்களை இனிமே யாருக்காகப் பாத்துக்கணும்னு உங்களுக்குத் தோணும். மாப்பிள்ளைக்கு வீட்டுல ஒரு பிடிப்பு இருக்கட்டும்னுதான் சாவியை உங்ககிட்ட குடுத்தேன். எனக்கு அந்த சத்தமே சலிச்சுப் போய் வருஷக்கணக்காச்சு. வாயாடின்னு ஒண்ணுக்குப் பேர் வச்சிருக்கீங்களே, அதை உடைச்சுப் போடலாமான்னுகூட நினைச்சிருக்கேன்.”

பெயர் வைத்தது இவருக்கு எப்படித் தெரியும்? சத்தமாகத் திட்டியிருக்கிறேன் போல.

மூன்று பேர், பதினொரு கடிகாரம். அவருக்காக நான், எனக்காக அவர், என் பழிக்குப் பயந்து அவள். சிரிப்பதா, அழுவதா? அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 25, வியாழன்

ஒரே ஒரு பெட்டி. ரயில் நிலையத்தில் காபி வாங்கிக் குடித்தார். எண்பது வயது மனிதர், சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். “ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க” என்றார். வண்டி நகர்ந்ததும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

அவளிடம் கேட்டேன். முறையாக, எதிரில் உட்கார்ந்து. “வேற ஊருக்குப் போகலாமா? நீ வர்றியா?”

“வர்றேன்” என்றாள். “பிடிக்காமப் போனா சொல்லிடுவேன். ஆனா வர்றேன்.”

அவள் சரி என்றதும் “அவசரமில்லை, நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றேன். இப்போது எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ஏலத்தில் பெரியவர் விற்காமல் போன அந்த ஒரு நொடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது. வரவழைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இத்தனை வருடம் என் வீடு எது, என் வீடு எது என்று புலம்பினேனே. எனக்கு ஒரு பிரிவையே தருகிறேன் என்கிறார்கள். முப்பது பேர் என்னிடம் வந்து ‘சார், என்ன பண்ணலாம்’ என்று நிற்பார்கள். நான் என்ன சொல்வேன்? மாட்டிக்கொண்ட ஆளை வெளியே எடுக்கத் தெரியும். வேறு என்ன தெரியும் எனக்கு?

ஏப்ரல் 30, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மேலாளரே கூப்பிட்டார்.

“என்னய்யா, கடிகாரம் வித்துதா?”

“வித்தாச்சு சார்.”

“மாமனார்?”

“தங்கை வீட்டுக்குப் போயிட்டார் சார். அங்கேயே இருக்கப் போறார்.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“வர்றேங்கிறா சார்.”

“அப்புறம் என்னய்யா தடை?”

“ஒண்ணுமில்லை சார்.”

“அப்ப வர்றே.”

“இல்லை சார். வரலை.”

“உடம்பைப் பாத்துக்க” என்று வைத்துவிட்டார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “எனக்குப் பிடிக்கலைங்கிறதாலயா?” என்றாள்.

“இல்லை.”

“பின்னே?”

“பயமா இருக்கு” என்றேன். நாற்பத்தாறு வயதில், வாய்விட்டு, இப்போதுதான்.

“தெரியும்” என்றாள்.

“எப்பத்திலேருந்து?”

மடித்த சட்டையை என் பக்கம் வைத்தாள்.

“ரொம்ப நாளா” என்றாள்.